சாப்ட்வேர் கம்பெனியின் பேரேட்டில் நம் பெயர் எங்கே இருக்கிறது?



2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி திங்கட்கிழமையை நம்மில் யாரும் சுலபத்தில் மறக்க மாட்டோம். ஜி.எஸ்.டி. கவுன்சில் அம்மாதம் 3-ம் தேதி எடுத்த முடிவின்படி அன்று முதல் புதிய வரி விகிதங்கள் அமலுக்கு வந்தன. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5 சதவீதம் ஆயிற்று. சோப்பு, பற்பசை, ஹேர் ஆயில், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. விலை குறைகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. செவ்வாய்பேட்டையில் என் கடையில் மட்டும் பில் போடும் கம்ப்யூட்டர் பழைய வரியையே போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். நான் வைத்திருக்கும் பில்லிங் சாப்ட்வேருக்கு வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையை மூன்று வருடமாக நான் கட்டவில்லை. ஓடுகிற வண்டிக்கு எதற்கு மெக்கானிக் கூலி என்பது என் எண்ணம். வரி விகிதத்தை மாற்றப் போனால் சந்தா காலாவதியாகிவிட்டது என்று திரையில் வந்தது. கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தவறில் பாதி என்னுடையது. போன் செய்து கேட்டதற்கு, மூன்று வருடப் பாக்கியையும் சேர்த்துக் கட்டினால்தான் திறந்துவிட முடியும் என்றார்கள். சரி, வேறு சாப்ட்வேருக்கு மாறிக்கொள்கிறேன், என் கணக்கையாவது எடுத்துக் கொடுங்கள் என்றேன். அதற்கும் சந்தா கட்டியிருக்க வேண்டுமாம்.

முதல் பதிலை விட இந்த இரண்டாவது பதில்தான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. கடை என்னுடையது, சரக்கு என்னுடையது. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் உள்ள கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கியும் என்னுடையது. அந்தப் பாக்கி எவ்வளவு என்று சொல்லும் புத்தகம் மட்டும் இன்னொருவர் பூட்டுக்குள் இருந்தது.

இரண்டு நாள் கையால் பில் எழுதினோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் 1-8-2023 முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர்கள். மற்ற வணிகர்களுக்கு அனுப்பும் சரக்குக்கு அவர்களிடம் வெறும் கைப்பில் செல்லாது. நான் அந்த வரம்புக்குள் இருப்பதால் தப்பினேன். மூன்றாம் நாள் பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆயுத பூஜை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, பொரிகடலையைக் கொறித்தபடி ஒரு மணி நேரம் பேசினான். யோசித்துத் தயாரித்த பேச்சு அல்ல. ஆனாலும் சாப்ட்வேர் செய்கிறவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவன் சொன்னதில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்கிய நாளும் மறுநாளும்

"மாமா, அந்தக் கம்பெனிக்கு நீங்க கஸ்டமரா இருந்தது வாங்கின அன்னிக்கு மட்டும்தான். மறுநாள்லேர்ந்து நீங்க அவங்களுக்கு ஒரு செலவுங்க. நீங்க போன் பண்ணினா எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், அவனுக்குச் சம்பளம் வேணும். அதுக்குத்தான் சந்தா."

இதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. நாம் துவரம் பருப்பு விற்கிறோம். மூட்டை தீர்ந்தால் கடைக்காரர் அடுத்த வாரம் மறுபடி வருகிறார். ஆகவே இந்த வாரம் எடையில் குறைத்தால் அடுத்த வாரம் அவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். சாப்ட்வேர் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. ஒரு முறை விற்றால் பத்து வருடம் ஓடும். ஆனால் சட்டம் பத்து வருடம் சும்மா இருப்பதில்லை. 1-1-2007-ல் பழைய விற்பனை வரி போய் வாட் வந்தது. 1-7-2017-ல் வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்தக் கூலியைக் கேட்பது தவறில்லை. என் மனத்தாங்கல் பூட்டின் மேல்தான். கணக்குப்பிள்ளைக்குச் சம்பளப் பாக்கி வைத்தால் அவர் வேலைக்கு வராமல் இருக்கலாம். பேரேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

இதைச் சொன்னபோது மாப்பிள்ளை ஒத்துக்கொண்டான். "அது வேணும்னே செய்யறதுங்க மாமா. வெளிய போற வழியைச் சின்னதா வெச்சா ஆள் உள்ளயே இருப்பாங்கன்னு கணக்கு" என்றான்.

நம் சங்கத்தார் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சாப்ட்வேர்காரரோடு சண்டை வந்துவிட்டது, கணக்கு அவரிடம் மாட்டிக்கொண்டது என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. ஆறு வருடத்துக் கணக்கு நம் பொறுப்பு.

முன் பாக்கியும் பிறந்த நாள் வாழ்த்தும்

எங்கள் கணக்குப்பிள்ளை அந்தக் கம்பெனியிடம் ஒரே ஒரு வசதிதான் கேட்டார். பில்லின் அடியில் கடைக்காரரின் முன் பாக்கியும் சேர்ந்து வர வேண்டும். மொத்த வியாபாரத்தில் இது எவ்வளவு அவசியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சரக்கு ஏற்றும் வண்டிக்காரரிடம் பில்லைக் கொடுத்தால் பாக்கியும் கூடவே போய்ச் சேரும், தனியாகக் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம். மூன்று முறை கேட்டும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, வாடிக்கைக்காரரின் பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பும் வசதியைச் சேர்த்தார்கள். எந்த மளிகைக் கடைக்காரர் தன் பிறந்த நாளை என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்?

மாப்பிள்ளை தந்த விளக்கம் இது. "பிறந்த நாள் வாழ்த்தை விக்கும்போது திரையில காட்டலாம், பார்க்க நல்லா இருக்கும். முன் பாக்கி வாங்கின பிறகுதான் வேணும்னு தெரியும். அதுவும் வாங்கறவர் நீங்க, அதில உட்கார்ந்து வேலை பார்க்கறவர் உங்க கணக்குப்பிள்ளை. விக்கறவங்க உங்களுக்குத்தான் காட்டுவாங்க, அவருக்கு இல்ல."

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. டெமோ பார்த்த அன்று நான் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடவே இல்லை. அவர் அன்று குடோனில் இருப்பு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்து அவன் சொன்னதை நான் ஒப்பவில்லை. வாடிக்கைக்காரருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது, அவர் சொல்வதை எல்லாம் செய்தால் புரோகிராம் குப்பையாகிவிடும் என்றான். நூறு கடைக்காரர் நூறு விதமாகக் கேட்பார்கள் என்பது உண்மைதான். நம்மிடமும் அப்படித்தான். ஆனால் நூறு பேரில் அறுபது பேர் ஒரே அரிசியைக் கேட்டால் நாம் அதைத் தருவிக்கிறோம். யார் என்ன கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க, கேட்பவர் நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "நீ எழுதுற புரோகிராமை உபயோகிக்கிற ஒருத்தரையாவது நேர்ல பார்த்திருக்கியா?" இல்லை என்றான். நாலு வருடமாக வேலை செய்கிறான்.

ஒரு வியாபாரியும் மகனும்

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் பக்கத்து ஊரிலேயே உண்டு. டாலி என்ற கணக்கு சாப்ட்வேரைத் தெரியாத வணிகர் இருக்க முடியாது. அது பிறந்த கதை பலருக்குத் தெரியாது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் உள்ள ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் சப்ளை செய்து வந்தார். தன் கணக்கை எழுத ஏற்ற புரோகிராம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதம் படித்த தன் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியது. 1999-ல் டாலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறியது. 2020-ல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்தக் காலத்துக் கணக்கு புரோகிராம்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை நினைவில் வைத்துப் பதிய வேண்டும். டாலியில் அது இல்லை. பேரேட்டில் எழுதுவது போலப் பெயரையே போடலாம். எந்த வியாபாரியும் தன் வாடிக்கைக்காரரை 4017 என்று நினைப்பதில்லை. ராசிபுரம் அண்ணாச்சி என்றுதான் நினைக்கிறார். இது தெரிவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, கடையில் உட்கார்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு முதல் கஸ்டமர் அவங்க அப்பா. தப்பாப் போனா ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கேட்பாரே" என்றான். நான் டாலிக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. என் கடையில் இருப்பதும் அது அல்ல.

இன்னொரு கதை மாப்பிள்ளை சொன்னது. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் சென்னையில் ஜோஹோ கம்பெனியில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தபோது அவருடைய டி.வி. உடைந்து வந்தது. நஷ்ட ஈட்டுக்கு மாதக்கணக்கில் அலைந்தும் கிடைக்காமல், கடைசியில் நடந்ததைப் பலரும் பார்க்கும்படி எழுதிய பிறகுதான் பணம் வந்தது. 2010-ல் ஜென்டெஸ்க் என்ற கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்குத் திடீரென்று கட்டணத்தை ஏற்றியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் பழைய கட்டணமே என்று இறங்கி வந்தது. ஆனால் அதற்குள் அந்தச் செய்தியைப் படித்த கிரீஷ், இந்தக் கோபத்தில் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு சென்னையில் பிரஷ்டெஸ்க் தொடங்கினார். பிறகு பிரஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிய அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாயிற்று. விலையை ஏற்றும்போது பழைய வாடிக்கைக்காரரை எப்படி நடத்துவது என்பது நம் மண்டியில் பையனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். அமெரிக்கக் கம்பெனி அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

இலவசம் என்றால்

யு.பி.ஐ. பேச்சு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் எம்.டி.ஆர். என்ற கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிறகு இந்த ஆப் கம்பெனிகள் எதில் பிழைக்கின்றன என்று கேட்டேன். பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை ஒன்று. அதைவிட முக்கியம், கடன். நம் கடையில் தினமும் எவ்வளவு வசூல், எந்த மாதம் மந்தம் எல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் "உங்களுக்கு இவ்வளவு கடன் தயார்" என்று போனில் செய்தி வருகிறது. நாமக்கல் லாரி பைனான்ஸ்காரர் வண்டி மாதம் எத்தனை நடை போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கடன் கொடுப்பார். வித்தியாசம் என்னவென்றால், அவர் விசாரிக்க வருவது நம் கண்ணுக்குத் தெரியும்.

நான் யு.பி.ஐ. வேண்டாம் என்று சொல்பவன் அல்ல. சில்லறைத் தொல்லை தீர்ந்தது, கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. ஆனால் நம் க்யூஆர் அட்டை எந்த வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 31-1-2024-ல் ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் மீது நடவடிக்கை எடுத்து, 2024 மார்ச் 15-க்குப் பிறகு அங்குள்ள கணக்குகளில் புதிதாகப் பணம் வரவு வைக்கக் கூடாது என்றது. க்யூஆர் அட்டை வேறு வங்கிக் கணக்கோடு சேர்ந்திருந்தவர்களுக்கு இடையூறு இல்லை. அந்த வங்கியிலேயே கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள்தான் அவசரமாக மாற வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான். நமக்கு வரும் ஆர்டரில் பெரும்பகுதி இரவில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு சுமார் ஆறு மணி நேரம் அது உலகம் முழுவதும் நின்றுபோனது. மறுநாள் காலை வண்டிக்கு என்ன ஏற்றுவது என்று தெரியாமல் நின்றோம். யாரிடம் போய்க் கேட்பது? காசு கொடுக்காதவனுக்குக் கேட்கும் உரிமையும் கிடையாது. அன்று முதல் பத்து முக்கிய வாடிக்கைக்காரர்களின் போன் எண்களைக் கல்லாப் பலகையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

சில கம்பெனிகளுக்கு உண்மையான வாடிக்கைக்காரர் பணம் போட்ட முதலீட்டாளர்தான் என்பது மாப்பிள்ளையின் கட்சி. பெங்களூரில் தொடங்கிய டன்ஸோவை உதாரணம் சொன்னான். கூகுள், ரிலையன்ஸ் போன்ற பெரிய இடங்கள் பணம் போட்டும் 2025 ஜனவரியில் அதன் ஆப் நின்றுவிட்டது. வெளியார் முதலீடு வாங்காத ஜோஹோ 1996-லிருந்து நடக்கிறது. இரண்டு உதாரணத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் சொன்னேன். முதலீட்டாளர் பணத்தில் நன்றாக நடப்பவையும் உண்டு.

நம் பக்கத்துத் தவறு

மாப்பிள்ளை என்னையும் விடவில்லை. "நீங்க மட்டும் என்னங்க மாமா? 98-ல கம்ப்யூட்டர் வாங்கினப்போ புரோகிராமைக் காசு கொடுத்தா வாங்கினீங்க?" என்றான். இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் பிளாப்பி இரவல் வாங்கித்தான் ஏற்றினேன். அரை மூட்டை மிளகாய் திருடு போனால் போலீசுக்குப் போகிற நாம், இதைத் திருட்டு என்றே நினைக்கவில்லை. இப்போது மூன்று வருடம் சந்தா கட்டாமல் இருந்ததும் அதே புத்திதான். காசு தராத வாடிக்கைக்காரருக்காகக் கம்பெனி ஏன் யோசிக்க வேண்டும் என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதே சமயம், பயமுறுத்தி விற்கிறவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். திருத்தங்களைப் பதிவு செய்யும் ஆடிட் டிரெய்ல் வசதி 1-4-2023 முதல் கட்டாயம், உடனே புதிய பதிப்பு வாங்குங்கள் என்று ஒருவர் என்னிடம் வந்தார். அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்கான விதி. தனி உரிமையாளராகவோ பங்குதாரராகவோ கடை நடத்தும் நமக்கு அந்த விதி பொருந்தாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 14-10-2025-ல் ஆதரவை நிறுத்தியபோது, கம்ப்யூட்டரே ஓடாது என்று சொல்லி விற்றவர்கள் உண்டு. ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. பேங்க் வேலையையும் அதே கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் மாற்றுவது நல்லது. அவசரப்பட்டுக் கேட்ட விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

புதிய சாப்ட்வேர் வாங்கும் உறுப்பினர்கள் விலையைக் கேட்பதற்கு முன், "நான் சந்தா கட்டாத நாளில் எது ஓடும், எது நிற்கும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்கு முழுவதையும் எக்செல் பட்டியலாக எடுக்க முடிகிறதா என்று டெமோ அன்றே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது; எடுத்த பட்டியலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். லைசென்ஸ் யார் பெயரில், யாருடைய ஈ-மெயிலில் பதிவாகிறது என்று பாருங்கள். பல கடைகளில் டீலரின் ஈ-மெயிலில் பதிவாகியிருக்கும். டீலர் கடையை மூடினால் நாமும் வெளியில் நிற்க வேண்டியதுதான். டெமோவுக்குக் கணக்குப்பிள்ளையைக் கட்டாயம் உட்கார வையுங்கள்.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலையும் இருப்புப் பட்டியலையும் அச்செடுத்துப் பைலில் போடுங்கள். பென் டிரைவில் ஒரு நகல் வீட்டுக்குப் போகட்டும். பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்கட்டும். 19-7-2024-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான திருத்தத்தால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு நான் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அடுத்த வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறேன், ஆனால் சந்தா முடிந்தாலும் கணக்கை எடுக்கும் வழி திறந்திருக்கும் என்று எழுதித் தர வேண்டும் என்றேன். பேசிய பெண் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஈ-மெயிலில் நாலு வரி வந்தது. அதை அச்செடுத்துப் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பிறகு கணக்குப்பிள்ளையும் நானும் ஆத்தூர், ராசிபுரம் பாக்கிகளை எல்லாம் எக்செல் பட்டியலாக எடுத்துப் பழைய நோட்டோடு சரிபார்த்தோம். இரண்டு பெயரில் தொகை ஒத்துவரவில்லை. ஒன்றில் நாங்கள்தான் வரவை விட்டிருந்தோம், அந்தக் கடைக்காரரிடம் சொல்லித் திருத்திவிட்டோம். பில்லின் அடியில் முன் பாக்கி மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த பதிப்பில் வரும் என்கிறார்கள்.